ஜாமீன் யார் போடுவார்? கடல் தாண்டிய படிப்பும் நம் பத்திரங்களும்

அரூர் பக்கத்துக் காலனி ஒன்றில் எங்கள் வாசிப்பு வட்டக் கூட்டம் முடிந்து கிளம்பும் நேரம். ஒரு தங்கை கைப்பேசியை நீட்டினாள். "அண்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க." இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த சேர்க்கைக் கடிதம். முதுநிலைப் படிப்பு. அப்பாவுக்குப் பெங்களூருவில் சென்ட்ரிங் வேலை, அம்மாவுக்கு நூறு நாள் வேலை. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். கைதட்டல் அடங்கிய பிறகு அவள் கேட்டாள்: "சரிண்ணா, ஜாமீன் யார் போடுவாங்க?"

வங்கிக்கு ஏற்கெனவே போய் வந்திருந்தாள். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்பார்கள். இவள் வீட்டிடம் இருப்பது அரசு கொடுத்த மூன்று சென்ட் மனைப் பட்டா. அதைப் பார்த்துவிட்டு மேலாளர் சொன்னாராம்: "இதுக்கு மதிப்புப் போட முடியாதும்மா. ஊருக்குள்ள ஏதாவது சொத்து இருந்தா கொண்டு வாங்க."

"ஊருக்குள்ள." அவர் அதை யோசித்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நமக்கு அந்தச் சொல் புரியும். ஊர் வேறு, காலனி வேறு. காலனியில் இருப்பது வீடு. ஊருக்குள் இருந்தால்தான் அது சொத்து.

அன்றிரவு அவளுக்கு எங்களிடம் பதில் இல்லை. அதன் பிறகு உட்கார்ந்து தேடினோம். நம் மக்கள் கடல் தாண்டிப் போன வரலாற்றில் யார் பணம் கொடுத்தார்கள், பதிலுக்கு என்ன எழுதி வாங்கினார்கள்? அந்தத் தேடலில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

துண்டோடு போனவர்கள்

கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று சாஸ்திரம் பேசியவர்கள் ஒருபக்கம் இருந்த காலத்தில், நம் பாட்டன் பாட்டிகள் கப்பல் கப்பலாகக் கடல் தாண்டினார்கள். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தை நம் மக்கள் 'கிரிமிட்டி' என்றார்கள். 'அக்ரிமென்ட்' என்ற சொல் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்த பத்திரம் அது.

தருமபுரி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2இல்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பெருமளவில் ஆள் போன மாவட்டங்களில் பழைய சேலமும் ஒன்று. அங்கே போனவர்களுக்குக் கிரிமிட்டி கிடையாது, கங்காணி உண்டு. வழிச்செலவுக்கும் அரிசிக்கும் கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏறும். அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் புதிய துரை அந்தத் துண்டில் உள்ள கடனை அடைக்க வேண்டும். மனிதர்கள் அந்தக் காகிதத்தோடு சேர்ந்து கைமாறினார்கள். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஆக, கடல் நமக்குப் புதிதல்ல. முன்பணமும் புதிதல்ல. கூலியாகப் போகக் கடன் கொடுக்க எப்போதும் ஆள் இருந்தது. மாணவராகப் போவதற்குத்தான் யாரும் இல்லை.

1893: மேசைவரை போவது யார்?

அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும் நடந்தது. அதை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் அதற்குச் சாதகமாகத் தீர்மானம் போட்டது. இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்தார். அதே ஆண்டு 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்த அவர், டிசம்பர் 23 அன்று சென்னை வெஸ்லி மிஷன் கல்லூரி மண்டபத்தில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பச் செய்தார். தேர்வு இங்கே வந்தால் ஆதிக்க சாதியினரே அதிகாரிகளாகி நம் தலைமேல் உட்காருவார்கள் என்பது அவருடைய வாதம்.

இந்த நிலைப்பாட்டை இன்று நாம் விவாதிக்கலாம். விவாதிக்கவும் வேண்டும். ஆனால் அதன் அடியில் இருந்த கேள்வியைத் தள்ளிவிட முடியாது. தேர்வு லண்டனில் நடந்தாலும் சென்னையில் நடந்தாலும் நம் பிள்ளை அந்த மேசைவரை போவதற்கு வழி எங்கே?

அதற்கு முந்தைய ஆண்டு, 1892இல், இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, பம்பாயில் ஜே.என். டாடா, இந்தியர்கள் வெளிநாட்டில் உயர்கல்வி கற்கக் கடன் கொடுக்கும் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்னொன்று, செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். நம்மவர் தவிர வேறு யாரும் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அது எப்படிக் கைமாறிப் போனது என்பதை நம் இயக்கம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1994இல் காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள்.

படிப்புக் கடனைப் பற்றிப் பேசும்போது நிலத்தை ஏன் இழுக்கிறோம்? இன்று வங்கி கேட்பது அந்த நிலத்தைத்தான். சொத்து ஈடு இல்லாதது நம் குடும்பத்தின் சாமர்த்தியக் குறைவு அல்ல. கொடுத்ததாகச் சொல்லப்பட்ட சொத்து பறிபோனதற்கும், தங்கை வெறுங்கையோடு வங்கியிலிருந்து திரும்பியதற்கும் தொடர்பு இருக்கிறது.

அண்ணல் எழுதிக் கொடுத்த பத்திரம்

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்தார், லண்டனில் படித்தார் என்று மேடைதோறும் சொல்கிறோம். எந்தப் பணத்தில் படித்தார் என்று சொல்வது குறைவு. கணக்கைப் பார்ப்போம்.

1913 பிப்ரவரியில் அவர் தந்தை இறந்தார். அந்த ஜூனில், பரோடா அரசின் உதவித்தொகைக்காக அவர் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார். படித்து முடித்ததும் பரோடா அரசில் பத்து ஆண்டு வேலை செய்ய வேண்டும். உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அந்தப் பணத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார். 1915இல் எம்.ஏ. முடித்தார். 1916 மே 9 அன்று மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். பிறகு லண்டன் பொருளாதாரப் பள்ளி, கிரேஸ் இன். ஆய்வு பாதியில் இருக்கும்போதே உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் திரும்ப வேண்டியதாயிற்று. தனியாக அனுப்பிய புத்தகங்கள், தாக்கப்பட்ட கப்பலோடு கடலுக்குள் போயின.

எழுதிக் கொடுத்தபடி பரோடா போனார். கொலம்பியாவில் படித்து வந்தவருக்கு அந்த நகரத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூர இருந்து வீசினார்கள். பத்து ஆண்டுக்கு எழுதிய பத்திரம் சில நாட்களில் அர்த்தம் இழந்தது. பத்திரத்தை மீறியவர் யார்? அவரா, அவரைக் குடியிருக்க விடாத ஊரா?

பிறகு என்ன செய்தார் என்பதுதான் மாணவர்கள் மனதில் வைக்க வேண்டியது. 1918 நவம்பரில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் சேமித்தார். கோலாப்பூர் சாகு மகராஜ் உதவினார். கொலம்பியாக் காலத்து நண்பர் நவல் பதேனாவிடம் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். 1920இல் மறுபடியும் லண்டன். அங்கே அரைவயிறு சாப்பிட்டு, பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே போய், மூடும்போது வெளியே வந்தார். 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி. பட்டம்.

ஆக, உதவித்தொகை, சம்பளச் சேமிப்பு, ஆதரவாளர் கொடை, நண்பர் கடன் என்று நான்கு பைகளிலிருந்து சேர்ந்த பணம். நடுவில் மூன்று ஆண்டு இடைவெளி. அறிவில் உலகம் வியந்த ஒரு மனிதருக்கே ஒரே மூச்சில் படித்து முடிக்கப் பணம் இல்லை.

அதே காலத்தில், 1914 மார்ச்சில், சென்னையிலிருந்து இன்னொருவர் கப்பல் ஏறினார். கணிதமேதை ராமானுஜன். மெட்ராஸ் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அவரும் ஏழைதான். அவர் திறமைக்கு அந்தப் பணம் அதிகமே இல்லை. ஆனால் அவருக்காகக் கடிதம் எழுதவும், அதிகாரிகளிடம் பேசவும், பரிந்துரைக்கவும் ஒரு பட்டணமே இருந்தது. ஏழ்மை இருவருக்கும் பொது. ஜாமீன் பொது இல்லை.

தயவிலிருந்து உரிமைக்கு

தனக்கு நேர்ந்ததை அண்ணல் தன் கதையாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. 1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான சில மாதங்களில், பட்டியல் சாதியினரின் குறைகளைத் தொகுத்து அரசுக்குக் கோரிக்கை மனு கொடுத்தார். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான உதவித்தொகையோடு, வெளிநாட்டுப் படிப்புக்கென்று தனியாக ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும் என்றும் அதில் கேட்டார். 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தொடங்கியது. இன்று தருமபுரி அரசுக் கலைக் கல்லூரியில் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கும் அதே உதவித்தொகைதான். அதன் வேர் அங்கே இருக்கிறது.

கேரளத்தின் உழவூரில் பிறந்த கே.ஆர். நாராயணன், கட்டணம் கட்டாததற்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலித் மாணவர். 1945இல் டாடா உதவியோடு லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போனார். பின்னாளில் குடியரசுத் தலைவரானார். அவர் போன காலம்வரை ஒரு மன்னரின் மனமோ ஒரு முதலாளியின் அறக்கட்டளையோ இரங்கினால்தான் பயணம். 1954-55இல் ஒன்றிய அரசு தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையைத் தொடங்கியபோது அது மாறியது. இரக்கத்தைக் கேட்டவர்கள் உரிமையைக் கேட்கலாம் என்றானது. இடங்கள் எப்போதும் குறைவுதான். ஆனாலும் விண்ணப்பிக்கும் மாணவி யார் காலையும் பிடிக்க வேண்டியதில்லை. இந்த மாற்றத்தின் மதிப்பை நாம் மறக்கக் கூடாது.

நத்தத்தில் எரிந்தவை

2012 நவம்பர் 7 தருமபுரிக்காரர்கள் மறக்க முடியாத நாள். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகள் சூறையாடப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள் தாக்குதலுக்கு உள்ளாயின. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று, இளவரசன் தருமபுரி அரசுக் கலைக் கல்லூரிக்குப் பின்புறம் ரயில் பாதை ஓரம் பிணமாகக் கிடந்தார்.

அந்த வீடுகள் பெங்களூருவிலும் திருப்பூரிலும் உழைத்த காசில் எழுந்தவை. டிவி, பீரோ, வண்டி, நகை என்று கொள்ளை போனதைப் பலரும் எழுதினார்கள். அவற்றோடு சேர்ந்து எரிந்தவற்றில் நாம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்கள், சாதிச் சான்று, பட்டா, குடும்ப அட்டை. பீரோவை மறுபடி வாங்கலாம். மதிப்பெண் பட்டியலின் நகலுக்கு எத்தனை அலுவலகம் அலைய வேண்டும் என்பது அலைந்தவருக்குத்தான் தெரியும். துண்டுக் காலத்தில் ஒரு காகிதம் நம்மைக் கட்டிப்போட்டது. இன்று நம்மை வெளியே கொண்டுபோகிற காகிதம் பீரோவில் இருக்கிறது. தீ வைத்தவர்களுக்கு அது எரிய வேண்டும் என்ற எண்ணம் இருந்ததோ இல்லையோ, நாம் முன்னேறுவது பொறுக்காத கை அந்தப் பீரோவரைக்கும் நீண்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலத்திலேயே கடைசி இடம். இந்த மாவட்டத்தின் காலனி ஒன்றிலிருந்து ஒரு பெண் முதுநிலைப் படிப்புக்குக் கடல் தாண்டுகிறாள் என்றால், அவள் எங்கிருந்து புறப்படுகிறாள் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இன்றைய நிபந்தனைகள்

இப்போது தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. இந்த முழு நாட்டுக்கும் அவ்வளவுதான். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35க்குள், முந்தைய பட்டத்தில் 60 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பெண்களுக்கு 30 விழுக்காடு.

2022இல் இந்தத் திட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புக்கும் ஆய்வுக்கும் உதவித்தொகை கிடையாது. இந்த விதி 1913இல் இருந்திருந்தால்? 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரைக்கு இடம் இருந்திருக்காது. சாதியை அனுபவிப்பவர், உலகத்தின் நல்ல நூலகம் ஒன்றில் உட்கார்ந்து சாதியைப் பற்றி எழுதக் கூடாதாம். பரோடா மன்னர் பத்து ஆண்டு உழைப்பைத்தான் கேட்டார். இவர்கள் நம் கேள்வியையே ஈடாகக் கேட்கிறார்கள்.

2025 ஜூலையில் இன்னொரு அடி. தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் தற்காலிக ஆணை. மீதிப் பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். வெளிநாட்டில் வகுப்பு தொடங்குவது செப்டம்பரில். ஜூலையில் 'பார்க்கலாம்' என்றால் விசா நேர்காணலில் எதைக் காட்டுவது? தேர்வுப் பட்டியலில் பெயர் வந்தும் பயணம் உறுதியில்லை என்றால், உரிமை மறுபடியும் தயவாக மாறுகிறது என்று பொருள்.

மாநில அளவில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறித்தவ ஆதிதிராவிடரும் இதில் விண்ணப்பிக்கலாம். ஒன்றிய அரசின் திட்டத்தில் கிறித்தவ தலித்துகளுக்கு இடமில்லை. 1950ஆம் ஆண்டு ஆணை அவர்களைப் பட்டியலிலிருந்தே வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே மாநிலத் திட்டத்தைக் காப்பதும், அதன் இடங்களைப் பெருக்கக் கேட்பதும் நம் வேலை.

தம்பி, தங்கைகளுக்கு

வெளிநாட்டுப் படிப்பு என்றதும் தரகர் அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே கட்டணத்தைத் தள்ளி, உதவியாளர் பணிக்குச் சம்பளமும் தரும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். பிரிட்டனின் செவனிங் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கு முழுச் செலவையும் ஏற்கும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு ஆண்டு ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். அதுவும் ஒரு பத்திரம்தான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் கல்லூரி முதலாண்டிலேயே எடுத்துவிடுங்கள். எல்லா இடத்திலும் பெயரும் தலைப்பெழுத்தும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஸ்கேன் செய்து இணையத்தில் ஒரு பிரதி, வேறு ஊரில் உள்ள தோழரிடம் ஒரு பிரதி வையுங்கள். இதை ஏன் சொல்கிறோம் என்று நத்தத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அங்கே போனால் சாதி இருக்காது என்றும் நினைக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதே அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லும். அதே நேரம், அதைக் கொண்டுவரப் போராடியவர்களும் அங்கே நம்மவர்கள் இருக்கிறார்கள். போனதும் அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

1956 மார்ச்சில் ஆக்ராவில் பேசும்போது, படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அண்ணல் மனம் நொந்து சொன்னார். அரசுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரத்துக்குக் காலக்கெடு உண்டு. சமூகத்துக்கு நாம் பட்டிருக்கும் கடனுக்குப் பத்திரமும் இல்லை, கெடுவும் இல்லை. திரும்பி வந்துதான் அடைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுத்து வருகிற ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை உட்கார்ந்து திருத்திக் கொடுத்தாலே ஒரு தவணை கட்டியதாகும்.

அந்தத் தங்கை சேர்க்கையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போட்டிருக்கிறாள். மாநில உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். இன்னும் முடிவு வரவில்லை. எங்கள் வட்டத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்தைக் கட்டினோம். அண்ணலுக்கு ஒரு நவல் பதேனா இருந்தார். இவளுக்கு, ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். உங்கள் காலனியிலும் இப்படி ஒரு கடிதம் கைப்பேசியில் காத்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

ஜெய்பீம்.